தழும்பு வேணும்னு கேட்டது நான்தான்

நான் எடிட் பண்ணுன நாவல எழுதுன டீச்சர் அன்னைக்குக் கேட்டது மறுபிறவியப் பத்தியா இல்ல கதையப் பத்தியான்னு எனக்கு இன்னும் பிடிபடல. "நீ நம்புதியாம்மா?" அவ்ளோதான் கேட்டாவ. என் கையில சிவப்புப் பேனா, முன்னால எட்டாவது அத்தியாயத்தோட ப்ரூஃப் விரிச்சுக் கெடக்கு, நான் யோசிக்கக்கூட இல்ல, "நான் நம்புறதுல என்ன இருக்கு டீச்சர், வாங்குறவங்க நம்பணும்லா"ன்னுட்டேன். சரிம்மான்னு எந்திரிச்சுப் போனவிய, மறுவாரமே நான் கேட்ட தழும்ப எழுதிக் கொண்டாந்து மேசையில வச்சுட்டாவ. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. எதுத்துப் பேசிருந்தா இது எனக்கு எப்பவோ மறந்து போயிருக்கும்னு நெனக்கேன்.

கதை இதுதான். தாமிரவருணிக் கரையில ஒரு கோயில், பேரு கற்பனை, ஆனா நம்ம பக்கத்து ஆளுங்க படிச்சா திருப்புடைமருதூர்தான்னு ரெண்டாம் பக்கத்துலயே சொல்லிருவாங்க. கோபுரத்துக்குள்ள சுண்ணாம்பு அடிச்சு மறைஞ்சு கெடக்குற சுவரோவியத்த சுத்தம் பண்ண ஒரு பொண்ணு வருதா. காஞ்ச சுவத்துல பசை கலந்து எழுதுன படம், தண்ணி பட்டா சாயமே எந்திரிச்சு வந்துரும், அதனால சின்னக் கத்திய வச்சு மேல உள்ள சுண்ணாம்ப மட்டும் செதில் செதிலா எடுக்கணும், ஒரு நாள் பூரா இருந்தா உள்ளங்கை அகலம் தெரியும். அப்படித் தெரிஞ்ச இடத்துல, ஓவியனுக்குச் சாயம் அரைச்சுக் குடுக்கிறவளா அவளே நிக்கா. சாரத்துலேந்து ஓவியன் தவறி விழுந்து செத்தான்னு ஊர்ல சொல்லுத கதை, ஆனா தள்ளிவிட்டிருக்காங்க, தள்ளுனவனும் அதே படத்துல ஒரு ஓரமா நிக்கான், அவன் யாருன்னு பாத்தா இப்பம் அவ லவ் பண்ணுத இன்ஜினியர் பையன். நடுவுல மரச்சிற்பம் திருடுத கும்பல் ஒண்ணு வருது, அது சுமார்தான், அத விட்ருவோம்.

எனக்கு இடிச்சது அந்தக் கண்டுபிடிக்கிற எடம். சுவத்துல நிக்கிறவன் இவன்தான்னு அவளுக்கு எப்படித் தெரியுது? டீச்சர் எழுதுனதுல ஒத்த வரிதான், 'அவன் நின்ற விதத்தில் தெரிந்துகொண்டாள்'னு. அட்டையில காதல் த்ரில்லர்னு போடப்போறோம், கதையோட மொத்தக் கனத்தையும் தாங்குற தூண் அந்த வரி, அது புகை மாதிரி இருந்தா எப்படி? "முகத்த வச்சு கண்டுபிடிக்கட்டுமே டீச்சர்"னேன். அதுக்கு அவிய சொன்னது இப்பவும் காதுல இருக்கு. "அந்தச் சுவத்துல ராசாவுக்கும் குதிரக்காரனுக்கும் ஒரே மூக்குதாம்மா, ஒரே கண்ணுதான். முகத்தப் பாத்து அங்ஙன யாரையும் கண்டுபிடிக்க முடியாது." சரி, அப்பம் ஒரு தழும்பு வைங்கன்னேன், படத்துல முழங்கையில தழும்பு, இந்தப் பிறவியில அதே எடத்துல மச்சம், நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுததுதான, செத்தவரு தழும்பு பேரப்பிள்ளைக்கு மச்சமா வந்திருக்குன்னு. "தழும்பெல்லாம் அந்தக் காலத்துல எழுதமாட்டாவம்மா. நிக்கிற நெலைய வச்சுத்தான் ஆளு. எங்க அம்மைய ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல முதுகப் பாத்தே பிடிச்சிருவேன், முகத்தயா பாத்தேன்?" அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுதான் அந்தக் கேள்விய கேட்டாவ.

இதுல இன்னொண்ணு இருக்கு. டீச்சர் கையெழுத்துலதான் குடுத்தாவ, நீள நோட்டு, ட்ராயிங் டீச்சரா இருந்தவிய இல்லையா, ஓரத்துல பூரா பென்சில்ல குட்டி குட்டியா ஆளுங்க. சாயம் அரைக்கிற பொண்ணு பாரத்த எடது கால்ல போட்டு, வலது குதிகால லேசா தூக்கி, கிண்ணத்த இடுப்பு எலும்புல ஊணிட்டு நிக்கா. பத்துப் பக்கம் தள்ளி, சுடிதார் போட்ட பொண்ணு தண்ணி பாட்டில இடுப்புல ஊணிட்டு அதே குதிகாலோட நிக்கா. அவனுக்கும் அப்படித்தான், வலது கைய பின்னால கொண்டுபோயி எடது முழங்கையப் பிடிச்சிட்டு, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு. சுவத்துல அப்படி நிக்கான், நூறு பக்கம் தள்ளி சைட்ல சிமென்ட் மூட்டை பக்கத்துலயும் அப்படியே நிக்கான். டைப் பண்ணும்போது எழுத்து மட்டும்தான வரும், படமெல்லாம் நோட்டுலயே நின்னுருச்சு. ஒத்த வரின்னு நான் சொன்னேன்லா, அவியளப் பொறுத்தவரைக்கும் அது ஒத்த வரியே இல்ல, நோட்டு பூரா அதான் இருந்துச்சு.

படத்தையும் சேத்துப் போடுவோம்னு எங்க பதிப்பகத்து அண்ணாச்சிட்ட கேக்கத்தான் செஞ்சேன். "ஏம்மா, ஒரு ஃபாரம் கூடிரும், அதுகூடப் போகட்டும், நாவல்ல படம் போட்டா பிள்ளைய புக்குன்னு ரேக்ல தூக்கி அந்தப் பக்கம் வச்சுருவாவ"ன்னாரு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், வெலைய பத்து ரூவா ஏத்துனா சரியாப் போயிருக்கும்தான், ஆனா ரேக் விசயத்துல அவரு சொல்லுதது தப்பில்ல, கடைகடையா ஏறி எறங்குறவரு அவரு. படம் வராதுன்னு முடிவானதுக்கு அப்புறம் எழுத்துல ஏதாவது ஒண்ணு நிக்கணும்லா? அதனாலதான் தழும்பு. என் எடத்துல யாரு இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பாங்க.

ஆனா பாருங்க, மணிமேகலையில யாரும் தழும்பு கேக்கல. மணிபல்லவத் தீவுல புத்தர் பீடிகையப் பாத்த ஒடனே அவளுக்கு முந்தின பிறவி தெரிஞ்சிருது, தான் இலக்குமியா இருந்ததும், இராகுலன் புருசனா இருந்ததும், அவன்தான் இப்பம் பின்னாலயே சுத்துற உதயகுமரன்ங்கிறதும். காஞ்சனன்ங்கிற வித்யாதரன் அவன வெட்டிப் போட்டதுக்கு அப்புறம், தூண்ல இருக்கிற பாவை, கந்திற்பாவை, அது வாயத் தொறந்து காரணம் சொல்லுது. முந்தின பிறவியில முனிவருக்குச் சமைச்சவன் கால் தடுக்கி விழுந்தான்னு இராகுலன் வாளால வெட்டுனான், அந்த வினை இப்பம் வந்து முடிஞ்சுதுன்னு. சிற்பம் பேசுது, காதல் இருக்கு, கொலை இருக்கு, போன பிறவி இருக்கு. அதுல எந்த எடத்துலயும் நான் நின்னு 'இத எப்படி நம்புறது'ன்னு கேட்டதே இல்ல. டீச்சர் நோட்ட மட்டும் ஏன் கேட்டேன்? அதுவும் என் வேலைதான்னு சொல்லிக்கிறேன். அந்தக் காலத்துல கேக்கிறவனுக்கு மறுபிறவி வீட்டுத் திண்ணை மாதிரி, அதுல உக்காந்துதான் கதையே கேட்டான். இப்பம் படிக்கிறவங்களுக்கு அப்படி இல்ல, ஒரு படி கட்டிக் குடுக்கணும். இது சரியான பதில்தான். ஆனா டீச்சர் என்ட்ட கேட்டது வாசகரப் பத்தி இல்லையே, "நீ"ன்னுதான கேட்டாவ.

முடிவுல மட்டும் அவிய கொஞ்சங்கூட அசையல. அண்ணாச்சிக்கு, ஒண்ணு அவ அவன போலீஸ்ல மாட்டிவிடணும், இல்லன்னா அவனுக்கும் பழசு ஞாபகம் வந்து கால்ல விழணும். டீச்சர் எழுதுனது, படம் பூரா வெளிய வந்த அன்னைக்கு அவ அவனக் கூட்டிட்டுப் போயி சுவத்துக்கு முன்னால நிறுத்துதா, ஒண்ணுமே சொல்லல, அவன் எப்படி நிக்கான்னு மட்டும் பாக்கா. அதோட முடிஞ்சுது. "ஒரு பிறவியில தள்ளுனதுக்கு இன்னொரு பிறவியில தள்ளுனா இது எங்ஙன போயி நிக்கும் அண்ணாச்சி? உதயகுமரன வெட்டுனவனுக்கு அடுத்து ஒரு வாள் வராண்டாமா?"ன்னு கேட்டாவ. அண்ணாச்சி வாய மூடிட்டாரு. ஒருவேள அந்த முடிவ காப்பாத்தணும்னுதான் தழும்ப எனக்கு விட்டுக்குடுத்தாவளோன்னு சில நாள் தோணும். அப்படின்னா அது யாவாரம், எனக்கும் நிம்மதி. இல்ல, இவகிட்டப் பேசி ஆகப்போறது என்னன்னு விட்டாவளோன்னும் தோணும், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது.

புக் வந்ததுக்கு அப்புறம் திருப்புடைமருதூர் போனேன். அங்க உள்ள சாமி நாறும்பூநாதர் கொஞ்சம் சாஞ்சுதான் இருக்காரு, கருவூர்ச் சித்தர் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேந்து கூப்ட்டத கேக்கச் சாஞ்சாருன்னு சொல்லுவாங்க, நெலைதான் அங்கயும். கோபுரத்துக்குள்ள சொல்லிக் கேட்டுத்தான் ஏறணும். உள்ள போனா வவ்வா நாத்தம், மரத்தூணு பூரா சிற்பம், டார்ச் அடிச்சா சுவத்துல சிவப்பு அப்படியே நிக்கி, கப்பல்ல குதிரை ஏத்திட்டு வர்ற படம், சண்டை, யானை. நான் முகமாவே பாத்துட்டு வந்தேன். டீச்சர் சொன்னது நெசம், ஒரே கண்ணு ஒரே மூக்கு. ஆனா கொஞ்ச நேரம் பாத்தா ஆளுங்க பிரிய ஆரம்பிக்காங்க. ஒருத்தன் ஈட்டியப் பிடிச்சிருக்கிற கையில பெலமே இல்ல, பயந்தவன் பிடிக்கிற பிடி. பக்கத்துல உள்ளவன் அவனப் பாக்காமலே தோள அவன் பக்கம் குடுத்துட்டு நிக்கான். முகத்துல ஒண்ணுமில்ல. தழும்பு ஒண்ணுகூட நான் பாக்கல.

நோட்டுல உள்ள படத்த வச்சே நான் சொல்லச் சொல்லிருக்கலாம், அந்தப் பிடிய, அந்தக் குதிகால வார்த்தையில எழுதுங்க டீச்சர்னு. கேட்டிருந்தா எழுதிருப்பாவளா? எழுதுனாலும் அது ஒரு வாசகருக்கு துப்பா தெரியுமா, இல்ல வர்ணனைன்னு தாண்டிப் போயிருவாங்களா? ஏன்னா ஆபீசுக்கு போன் பண்ணுதவங்க எல்லாரும் சொல்லுதது ஒரே எடத்ததான். அவன் சட்டைக் கைய மடக்கும்போது மச்சம் தெரியுதுல்லா, அங்க எங்களுக்கு உடம்பு சிலுத்துட்டுன்னு. டீச்சர்ட்ட சொன்னா "உன் தழும்புதாம்மா ஓடுது"ன்னு சிரிக்காவ, மனசுல ஒண்ணும் வச்சிட்டுச் சொல்லுத மாதிரி இல்ல, நெசமான சந்தோசம் மாதிரிதான் இருந்துச்சு.

இப்பம் ரெண்டாம் பதிப்பு போடப்போறோம். மாத்தணும்னா மாத்திக்கிடலாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு, படம் ரெண்டு மூணு போடவும் சம்மதிச்சிட்டாரு, வித்துட்டுல்லா. டீச்சர்ட்ட இன்னும் நான் பேசல. தழும்ப எடுக்கவான்னு கேட்டா எடுன்னுதான் சொல்லுவாவ, இல்லன்னா நீயே பாத்துக்கோன்னு சொல்லுவாவ, ரெண்டுமே எனக்குப் பயமாத்தான் இருக்கு. எடுக்கிறதும் லேசு இல்ல, திருட்டுக் கும்பல் அவன மடக்குற எடம் அந்த மச்சத்துல தொங்குது, அவன் முழங்கைய மறைக்கிறதப் பாத்து அவ சந்தேகப்படுத ரெண்டு அத்தியாயம் அதுல தொங்குது, எல்லாம் எனக்காக டீச்சர் புதுசா கட்டுனது. அதப் பூரா ஒரு குதிகால வச்சு தாங்க வைக்கணும்னா நோட்ட மறுபடி வாங்கி முதல்லேந்து உக்காரணும். நோட்டு அவிய வீட்டுலதான் இருக்கு, திங்கக்கெழம போயி கேக்கணும்.