எட்டு எம்எம் கம்பி அடியில் இருந்த நாள்

கட்டுமானத் தளத்தின் பொருள் யார்டு என் பொறுப்புக்கு வந்தபோது, அதை இடம் பங்கிடும் வேலை என்றே நினைத்திருந்தேன். கம்பி வளைக்கும் மேடைக்கு அருகில் கம்பி, வாசலை ஒட்டி ஜல்லியும் எம்-சாண்டும், தரையிலிருந்து உயர்த்திய பலகைகள்மேல் பத்து மூட்டைக்கு மிகாத அடுக்காகச் சிமென்ட், லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளாக் எனக் கட்டம் கட்டமாக வரைபடம் போட்டு, அதை அலுவலகச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு பொருளும் எத்தனை சதுர மீட்டர் அடைக்கும் என்று கணக்கிட்டிருந்தேனே தவிர, அதைக் கொண்டு வரும் லாரி உள்ளே எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கணக்கு அதில் இல்லை.

இரண்டாவது வாரத்திலேயே அந்த வரைபடம் பொய்த்துப்போனது. தூண்களுக்கு வளையம் வளைக்க எட்டு எம்எம் கம்பிக்காகக் கம்பி வேலையாட்கள் காத்திருந்தார்கள். டிரெய்லர் சொன்ன நேரத்துக்கே வந்தது. ஆனால் எட்டு எம்எம் கட்டுகள் அடியிலும், அப்போதைக்குத் தேவைப்படாத இருபத்தைந்து எம்எம் கட்டுகள் அவற்றின் மேலும் இருந்தன. மேலே இருப்பதை இறக்கினால்தான் அடியில் இருப்பதை எடுக்க முடியும். இறக்கி வைக்க வேண்டிய இடத்திலோ முந்தைய நாள் வந்த சாரக் குழாய்கள் கிடந்தன. 12 மீட்டர் நீளக் கம்பியைக் குறுக்கே போட்டால் பாதையே அடைந்துவிடும். கிரேன் குழாய்களை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் பிளாக் லாரி ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால், அடித்தளத்தின் இன்னொரு பகுதிக்கான ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்த கான்கிரீட், வண்டியும் வந்து சேர்ந்தது. அதன் சலானில் கலந்த நேரம் 8.10 என்று இருந்தது. வாசல் திறந்து வழி கிடைத்தபோது மணி 9.35. கலந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்று நாங்களே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம்; மீதமிருந்ததோ ஐந்து நிமிடம். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் இளகிவிடும் என்றார் ஓட்டுநர். வலிமை குறையும் என்று பொறியாளர் மறுத்துவிட்டார். ஆறு கன மீட்டர், அதாவது பதினான்கு டன்னுக்கும் மேற்பட்ட கான்கிரீட், வந்த வழியே திரும்பிப்போனது.

அன்று மாலை கம்பி நிறுவனத்தின் விற்பனையாளரிடம் தொலைபேசியில் சத்தம் போட்டதில் எந்தப் பயனும் இல்லை. மறுநாள் நேரே அவர்கள் லோடு ஏற்றும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த ஏற்றுமேஸ்திரி எங்கள் ஆர்டர் தாளையே எடுத்து என் முன் வைத்தார். "எட்டு எம்எம் மூணு டன், இருபத்தஞ்சு எம்எம் பன்னெண்டு டன்னுதான் இதுல இருக்கு சார். எது முதல்ல வேணும்னு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். அவர்களுடைய எட்டு எம்எம் அடுக்கு வாசலுக்கு அருகில் இருந்ததால், வண்டி உள்ளே நுழைந்ததும் அதுதான் முதலில் ஏறியிருக்கிறது. எங்கள் யார்டில் எது மேலே வரும் என்பதை முந்தைய இரவே அவர்களுடைய யார்டு முடிவு செய்துவிடுகிறது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அதன்பின் ஆர்டர் தாளில் இறக்கும் வரிசை என்று ஒரு பத்தி சேர்த்தோம். முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் கட்டை வைக்க வேண்டும். அப்போதுதான் கிரேனில் கட்டித் தூக்கும் ஸ்லிங் உள்ளே நுழையும். தளம் வாரியாகப் பிரித்துக் கட்டித் தர முடியுமா என்றும் கேட்டேன். ஏற்றும் நேரம் இரட்டிப்பாகும் என்று மேஸ்திரி மறுத்தார்; சிறு கட்டுகளை நாங்கள் கேட்கும் ஓரத்திலேயே குவித்தால் பாரம் ஓர் அச்சில் மட்டும் ஏறும் என்றும், பிரேக் போடும்போது கட்டு சரியும் என்றும் விளக்கினார். அவர் சொன்னது நியாயம். மெல்லிய கம்பி மேலடுக்கில், வண்டியின் நீளம் முழுவதும் பரவலாக வர வேண்டும் என்பதோடு ஒத்துக்கொண்டோம். தளம் வாரியாகப் பிரித்து அட்டை கட்டுவதை எங்கள் ஆட்களே செய்தார்கள்.

நேரம் ஒதுக்குவதிலும் முதலில் தவறு செய்தேன். சரியாகப் பத்து மணி என்று குறித்தால் எந்த வண்டியும் பத்து மணிக்கு வருவதில்லை. ஓட்டுநருக்கு எங்கள் தளத்துக்கு முன்னால் வேறு இரண்டு தளங்கள் இருக்கும், பகலில் கனரக வண்டிகளை விடாத சாலைகளும் இருக்கும். ஆகவே ஒன்றரை மணி நேர இடைவெளியாகக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பெரிய வண்டிதான் உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கான்கிரீட் போடும் காலையில் வேறு எந்த லோடுக்கும் இடமில்லை. முந்தைய நாள் மாலை, நிறுவனத்தை அழைக்காமல் ஓட்டுநரையே அழைத்துப் பேசினோம். எந்த வாசல், எந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், மின்கம்பி எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பக்க வரைபடம் அவர் செல்பேசிக்குப் போனது. அலுவலகச் சுவரில் இருந்த என் பெரிய வரைபடத்தைவிட இந்த ஒரு பக்கத் தாளே அதிகம் பயன்பட்டது.

சரிபார்ப்பு வேலையையும் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே முடிக்கக் கற்றுக்கொண்டோம். எடைமேடைச் சீட்டின் படம் முன்கூட்டியே வந்துவிட்டால் கணக்கு எளிது: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும்; பதினாறு எம்எம் கம்பி ஒன்று, 12 மீட்டருக்கு ஏறத்தாழ 19 கிலோ. இரண்டு டன் கட்டில் நூற்றைந்து கம்பிக்கு வெகுவாகக் குறைந்தால் கேள்வி கேட்கலாம். மணல்தான் கடைசிவரை தகராறு. ஈர மணல் உப்பி, கன அளவில் கூடுதலாகத் தெரியும் என்பதால், மழைக்குப் பிறகு வந்த லோடுகளில் யார் சொன்ன அளவு சரி என்பதில் இரு தரப்பும் ஒருபோதும் முழுமையாக ஒத்துக்கொள்ளவில்லை. காத்திருப்புக் கட்டணமும் அப்படித்தான். எங்களால் நின்ற நேரத்துக்கு நாங்கள் தருவது, அவர்கள் முன்கூட்டி வந்து நின்றால் தருவதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டது சச்சரவைப் பாதியாகக் குறைத்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை ஆறரை மணிக்கு, முதல் நாள் எங்கள் வாசலில் கோபத்தோடு நின்ற அதே டிரெய்லர் ஓட்டுநர் அழைத்தார். "சார், வழியில டயர் பஞ்சர். நான் வர ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பின்னால பிளாக் லாரி வருதுல்ல, அதை முதல்ல இறக்கிடுங்க" என்றார். பலகையில் இரண்டு பெயர்களையும் மாற்றி எழுதிவிட்டு, கிரேன் இயக்குபவருக்குத் தகவல் சொல்லப் போனேன்.