எட்டுப் பாட்டும் ஒரு வரியும்

ஒரு இசை நிறுவனத்தோடு பன்னிரண்டு பக்க ஒப்பந்தம். அதில் நாங்கள் நாலு பேரும் ஒழுங்காகப் படித்தது இரண்டே இடம்தான். முதல் பக்கத்தில் பேண்டின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்களா, ஏழாம் பக்கத்தில் அட்வான்ஸ் 40,000 ரூபாய் என்று இருக்கிறதா. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. டிரம்மர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பேனாவை என்னிடம் நீட்டினான். 2007 ஆகஸ்ட். எனக்கு 22 வயது.

நான் பேஸ் கிட்டார். சைதாப்பேட்டையில் டிரம்மர் வீட்டு மொட்டை மாடி அறையில்தான் ஜாமிங். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்போம். கரண்ட் போனால் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து வெறும் வாயால் பாடிக்கொண்டிருப்போம். தமிழில் ராக் பாடுகிறோம் என்று சொன்னால் சிரிப்பவர்கள் இருந்தார்கள், கேட்டுவிட்டு மறுபடி தேடி வந்தவர்களும் இருந்தார்கள். கல்லூரி விழாக்கள், ஐஐடியின் சாரங், அடையாறு அன்வைண்ட் சென்டர் என்று வாசித்த இடங்களை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். எங்களில் ஒருவருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது கோடு போட்டு எழுதும் இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. யாராவது ஒன்றை முணுமுணுப்பார்கள், இன்னொருவர் அதைப் பிடித்துக்கொள்வார், பாட்டு வந்துவிடும்.

ஒப்பந்தம் போட்ட கையோடு வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் 11 இரவுகள் உட்கார்ந்து எட்டுப் பாடல்கள் பதிவு செய்தோம். மாஸ்டரை, அதாவது இறுதி மூலப் பதிவை, இசை நிறுவனத்திடம் கொடுத்தோம். அப்புறம் காத்திருந்தோம். தீபாவளிக்கு என்றார்கள், பொங்கலுக்கு என்றார்கள், மார்க்கெட் சரியில்லை என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து, நாங்களே வெளியிட்டுக்கொள்கிறோம், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோது, ‘ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க’ என்று பதில் வந்தது. படித்தோம், புரியவில்லை. 2009இல் டிரம்மர் மெல்பர்ன் போனான். பாடகனும் லீட் கிட்டாரிஸ்டும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று இப்போது கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பேண்டு அதோடு முடிந்தது.

நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். 2010இல் மூன்று வருட சட்டப் படிப்பில் சேர்ந்தேன். யாரையும் பழிவாங்க இல்லை. நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம், 2012. அந்த மே மாதம் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்பதுதான் அதில் பெரிய செய்தி. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் பேசியதைப் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அன்று மாலையே பாரிமுனையில் பேர் ஆக்ட், அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம், வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திருத்தத்தைத் தேடிப் புரட்டும்போது 19ஆம் பிரிவு கண்ணில் பட்டது. அதில் நான்காவது உட்பிரிவு. உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த உரிமை மாற்றம் தானாகவே காலாவதியாகிவிடும். கூடவே ஒரு வால்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர.

19(4). இந்த எண்ணை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் பீரோவிலிருந்து அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்தேன். ஒன்பதாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. ஒரே ஒரு வரி. அது இல்லாமல் இருந்திருந்தால் 2008 ஆகஸ்டிலேயே எட்டுப் பாட்டும் எங்களிடம் திரும்பி வந்திருக்கும். டிரம்மர் அப்போது இங்கேதான் இருந்தான். விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

படிப்பு முடிந்ததும் ஆர்மேனியன் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். முதல் நான்கு வருடம் இசைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. செக் மோசடி, வாடகைத் தகராறு, பாகப் பிரிவினை. காலையில் காஸ் லிஸ்ட் பார்ப்பது, வாய்தா வாங்குவது, குறை சொல்லி ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது. அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். ஒரு ஷரத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று பாகப் பிரிவினை வழக்குகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. ‘பாட்டும் சொத்துதாம்மா. அண்ணன் தம்பி பேசிக்கிற வரைக்கும் பத்திரம் தேவைப்படாது’ என்று சீனியர் ஒருநாள் சொன்னார். பேண்டுகளின் தகராறுகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் பாட்டு வழக்கு என்றாலே ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு. பாட்டுக்கு, கதைக்கு, படத்துக்கு எல்லாம் பதிப்புரிமை. இரண்டும் வேறு சட்டம், வேறு காலக்கெடு. பதிப்புரிமைக்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. பாட்டு பிறந்ததுமே அதுவும் பிறந்துவிடுகிறது. இதைச் சொன்னதும் இளம் கலைஞர்களின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் 1994இல் நடந்த ஒரு மாற்றம். அதுவரை, எழுதியோ அச்சிட்டோ வரிவடிவமாக்கிய இசைதான் சட்டத்தின் கண்ணில் இசைப் படைப்பு. நொட்டேஷன் தெரியாதவன் போட்ட மெட்டுக்குக் கணக்கே இல்லை. 1994இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். குறிப்பாக எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை அமைத்தவரே இசையமைப்பாளர் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது. படிக்கட்டில் உட்கார்ந்து முணுமுணுத்த எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல எனக்கு அந்த வரி படும்.

சினிமாப் பாட்டு வேறு உலகம். அங்கே தயாரிப்பாளர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன இசைக்கு அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து சண்டை ஓய்ந்தபாடில்லை. இளையராஜாவின் வழக்குகளால் தமிழர்களுக்கு இது ஓரளவு பழக்கம். ஆனால் சுயாதீனப் பேண்டுகளின் சிக்கல் பெரும்பாலும் வெளியாளோடு இல்லை. அறைக்குள்ளேயே இருக்கிறது. யார் போட்ட பாட்டு இது?

சில வருடங்களுக்கு முன் நாலு பையன்கள் என் சேம்பருக்கு வந்தார்கள். அவர்கள் பாட்டில் முப்பது விநாடியை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டிருந்தார்கள். நாலு பேர் கையெழுத்தும் வேண்டும், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுத வேண்டும். பாடகன், ‘அக்கா, வரிகளும் என்னோடது, ட்யூனும் என்னோடது. இவங்க வாசிச்சாங்க’ என்றான். மற்றவர்கள் மறுக்கவில்லை. பேஸ் வாசிக்கிற பையன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

‘போன்ல ரெக்கார்ட் பண்ணதெல்லாம் இருக்குமே, தேதி வரிசையா போடுங்க’ என்றேன். பதினான்கு இருந்தன. முதலாவதில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே பாடகன் நாற்பது விநாடி முணுமுணுக்கிறான். அழகான மெட்டு, ஆனால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டிலும் மூன்றிலும் அதேதான். நான்காவதில் பேஸ் சும்மா கீழே நிற்காமல் இரண்டு ஸ்வரம் மேலே ஏறுகிறது. பாடகன் ஒரு கணம் திணறி நிறுத்துகிறான். யாரோ ‘டேய், மறுபடி அதைப் போடு’ என்கிறார்கள். ஐந்தாவதில் அவனுடைய மெட்டும் அந்த ஏற்றத்தோடு சேர்ந்து ஏறுகிறது. விளம்பரக் கம்பெனி கேட்ட முப்பது விநாடி அதுதான். நான்காவதை இன்னொரு தரம் போடச் சொன்னேன். ‘டேய், மறுபடி அதைப் போடு’ என்று சொன்ன குரல் பாடகனுடையது. அவனே அதை அப்போதுதான் கவனித்தான்.

கூட்டுப் படைப்பு என்பதற்குச் சட்டம் சொல்லும் இலக்கணம், ஒருவரின் பங்கை இன்னொருவரின் பங்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இணைந்து உருவாக்கியது. மாடி அறையில் உட்கார்ந்திருக்காத ஒருவர் இந்த வரியை நூறு முறை படித்தாலும், நான்காவது பதிவில் எங்கே காது கொடுக்க வேண்டும் என்று தெரியுமா என்பது சந்தேகம்தான். இந்த ஒரு விஷயத்தில் நான் பேஸ் வாசித்த ஆறு வருடத்தை என் படிப்புக்கு மேலே வைப்பேன். டிரம்ஸ் வாசித்தவனின் பங்கு என்ன, தாளம் மட்டும் இசைப் படைப்பாகுமா என்று கோர்ட்டில் மணிக்கணக்கில் வாதாடலாம். அந்தப் பையன்கள் வாதாடவில்லை. பாடல் வரிகள் முழுக்கப் பாடகனுக்கு, இசை நாலு பேருக்கும் என்று பிரித்து எழுதி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்களுக்கு நான் சொன்ன கதை புரோகோல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் பேண்டினுடையது. 1967இல் வந்த ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவு வருவது அதன் ஆர்கன் இசை. வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லை. 2005இல் வழக்குப் போட்டார். 2009இல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு இசையில் 40 சதவீதப் பங்கை உறுதி செய்தது. பணம் மட்டும் வழக்குப் போட்ட நாளிலிருந்துதான். முந்தைய 38 வருடக் கணக்கு போனது போனதுதான். பாட்டு வெளிவந்த வாரமே ஒரு தாளில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இப்போது யார் எந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாலும் பென்சிலோடு முதலில் 19(4)ஐத்தான் தேடுகிறேன். பத்துக்கு எட்டில் அந்த வரி இருக்கும். அடித்துவிடச் சொல்வேன். ‘இதை அடிச்சா அவங்க கோவிச்சுக்குவாங்களா அக்கா?’ என்று கேட்பார்கள். சில நிறுவனங்கள் மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்துவிடுகின்றன. கேட்பார் இல்லாததால் அது அங்கேயே கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் எட்டுப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் டிரம்மர் மெல்பர்னிலிருந்து கூப்பிட்டான். ரஃப் மிக்ஸ் சிடி அவனிடம் இருக்கிறது, மகனுக்குப் போட்டுக் காட்டினானாம். ‘யூடியூப்ல போட்டுடலாமா? யாரு கேக்கப் போறாங்க?’ என்றான். முடியாது என்றேன். இன்றைய தேதியில் அது நம்முடையது இல்லை. ஆனால் 19A என்று ஒரு பிரிவு இருக்கிறது. எழுதி வாங்கியவர் உரிமையைப் போதுமான அளவு பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்து, அதற்கு எழுதிக் கொடுத்தவர் காரணமில்லை என்றால், அந்த உரிமை மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். நாலு பேரும் சேர்ந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். சீனியரிடம் போனேன். ‘சொந்த வழக்கை நீ நடத்தாதம்மா, நான் பாக்கறேன். பாட்டுவாரியா யார் யார் இசையமைச்சாங்கன்னு ஒரு அட்டவணை போட்டுக் கொடு’ என்றார்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு நாலு பேரும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். பாடகனும் லீடும் முதலில் என்னோடு மட்டும்தான் பேசினார்கள். டிரம்மர் ஒவ்வொரு பாட்டாகப் போட்டான். முதல் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவது பாட்டின் பேஸ் லைன் என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அட்டவணையில் முன்பே எழுதியும் வைத்திருந்தேன். பாட்டு ஓடி முடிந்ததும் லீட் மெதுவாகக் கேட்டான்.

‘கரண்ட் போச்சே ஒருநாள், படிக்கட்டுல... ஞாபகம் இருக்கா?’

பாடிக் காட்டினான். அந்தப் படிக்கட்டில் அவன் அதை எந்தச் சுருதியில் பாடினானோ அதே சுருதி. எனக்குக் கீழ்ப்படியில் அவன் உட்கார்ந்திருந்தது, கொசுவர்த்தி வாசனை, கரண்ட் வந்ததும் நான் ஓடிப்போய் அதைக் கிட்டாரில் தேடியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பாடகன் அப்போதுதான் அவனைப் பார்த்து, ‘ஆமாடா, நீதான்’ என்றான்.

மூன்றாம் பாட்டுக்கு நேரே என் பெயருக்கு முன்னால் அவன் பெயரை எழுதினேன். மெல்பர்னில் நள்ளிரவு தாண்டியிருந்தது. இன்னும் ஐந்து பாட்டு பாக்கி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்காருவதாகச் சொல்லியிருக்கிறோம்.