அட்டவணை சொன்ன ஆள்தான் வேண்டும்

2020 மே மாதம். ஒரு பக்கம் கத்திரி வெயில், இன்னொரு பக்கம் ஊரடங்கு. கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் தொற்று ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கொரோனா உண்மையில் எத்தனை பேரைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று பார்க்க, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு தழுவிய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. லேப் டெக்னீஷியனான நான் திருவண்ணாமலையில் ஒரு குழுவோடு ரத்தம் எடுக்கப் போனேன்.

நாங்கள் தேடியது கிருமியை இல்லை. கிருமி வந்துபோன பிறகு உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் எதிர்ப்பொருளை. காய்ச்சல் வராமல், தொண்டைகூடக் கரகரக்காமல் வந்துபோயிருந்தாலும் பெரும்பாலும் அது ரத்தத்தில் தெரிந்துவிடும். மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற சோதனைக்கு யார் போனார்களோ அவர்கள்தானே அரசுக் கணக்கில் வருவார்கள். போகாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மாவட்டத்துக்குப் பத்து ஊர் அல்லது வார்டு, ஒவ்வொன்றிலும் 40 பேர். ஊருக்குள் நான்கு இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கிருந்து வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் 18 வயது தாண்டிய ஒரே ஒருவர். அந்த ஒருவர் யார் என்று நாங்களும் முடிவு செய்யக் கூடாது, வீட்டுக்காரர்களும் முடிவு செய்யக் கூடாது. பெரியவர்கள் பெயரையெல்லாம் வயது வரிசைப்படி எழுதிவிட்டு, கையிலிருக்கும் அட்டவணையைப் பார்த்தால் அது ஒருவரைக் காட்டும். அவர்தான்.

வேலையின் கஷ்டமெல்லாம் இந்த இடத்தில்தான். ஒரு வீட்டில் மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார். சென்னையில் வேலை பார்த்தவர், தனக்கு வந்திருக்குமோ என்று பயம். அட்டவணை காட்டியதோ அவருடைய பாட்டியை. "ஆயா வீட்டை விட்டே வெளிய போறதில்ல மேடம், அதுக்கு எடுத்து என்ன பண்ணப் போறீங்க? எனக்கு எடுங்க" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பயப்படுகிறவர்களிடமும் ஆசையாக வருகிறவர்களிடமும் மட்டும் எடுத்தால், அது ஊரின் கணக்காக இருக்காது, பயந்தவர்களின் கணக்காகத்தான் இருக்கும். வெளியே போகாத ஆயாவும் ஊரில் ஒருத்திதானே. இதைப் பொறுமையாகச் சொன்னதும் அவரே உள்ளே போய் ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி அமையவில்லை. வாசலிலேயே "வேணாம்மா, போயிடுங்க" என்றார்கள். ரத்தம் கொடுத்தால் ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போய்விடும், தெருவையே அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பாதுகாப்பு உடுப்பில் எங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? கிராம சுகாதார செவிலியர் அக்கா மட்டும் கூட இல்லையென்றால் பாதிக் கதவு திறந்திருக்காது. இந்த வீட்டுப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டது, அந்த வீட்டு மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனது என்று அவருக்கு ஒவ்வொரு வீட்டோடும் ஒரு பழக்கம். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் கடன் வாங்கினோம். கணக்கெடுப்பின் அறிக்கைகளில் அவர்களைப் போன்றவர்கள் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, ஊசிக்கு வருவோம். கத்திரி வெயிலில் தண்ணீர் போதாமல் வயதானவர்களுக்கு நரம்பே கிடைக்காது. ஆயாவை ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கையைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைத்தேன். இரண்டு கையுறைக்குள் விரலுக்கு உணர்ச்சி குறைவு, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் தடவித் தடவித்தான் நரம்பைப் பிடிக்க வேண்டும். குழாயில் ரத்தம் ஏறியதும் எண் ஒட்டி, நிமிர்த்தி வைத்து உறைய விட வேண்டும். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுழல் இயந்திரத்தில் சுற்றினால், மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும். அதை மட்டும் பிரித்து, குளிர்பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்பினோம்.

ஆய்வகத்தில் எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க, புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் உருவாக்கிய 'கவச்' எலிசா சோதனை கிட். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நூற்றுக்கு 98 சரியாகச் சொல்லும் கிட் என்றாலும், தொற்றே இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்கு 'உண்டு' என்று சொல்லிவிடும். உண்மையான தொற்றே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கும்போது அந்த இரண்டு மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். அதனால் 'உண்டு' என்று வந்த மாதிரிகளை வேறொரு கிட்டில் மறுபடி சோதித்து, இரண்டிலும் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் கணக்கெடுப்பின் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 28,000 பேரின் ரத்தம், கிடைத்த விடை 0.73 சதவீதம். கேட்பதற்குச் சின்ன எண். நாட்டுக்கு விரித்தால் மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று. சோதனையில் தெரியவந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் எண்பதுக்கும் மேற்பட்டோர் கணக்கில் வராமல் இருந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நூற்றில் 99 பேரை இன்னும் தொற்று தொடவே இல்லை என்பதும் அந்த எண்ணில்தான் இருந்தது. 'எல்லோருக்கும் வந்து போயிடுச்சு' என்று டீக்கடையில் பேசியவர்களுக்கு அந்தப் பாதியைத்தான் நான் எடுத்துச் சொன்னேன்.

ஆகஸ்டில் இரண்டாவது சுற்று தொடங்கியது. அதே 70 மாவட்டங்கள், இந்த முறை 10 வயதிலிருந்தே. அதில் வந்த விடை 6.6 சதவீதம்.