முதல் வாரம் கூண்டைத் திறக்காதீர்கள்

ஆய்வக எலிக்கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் கை, ஈன்ற கூண்டைக் கண்டதும் மூடிக்குத்தான் போகும். எத்தனை குட்டி என்று எண்ணிவிட வேண்டும். இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது அந்தக் கையை அடக்குவது.

சினைக்காலம் 21 முதல் 23 நாள். மூன்று நாள் முன்பே தாயைத் தனிக்கூண்டுக்கு மாற்றி, டிஷ்யூ தாள் போட்டுவிட்டால் அதுவே கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளும். ஆண் எலியைப் பிரிக்க மறந்தால், ஈன்ற ஒரே நாளில் மறுபடி சினையாகிவிடும்.

குட்டி 5, 6 கிராம்தான் இருக்கும். ரோமம் கிடையாது, கண், காது மூடியிருக்கும். தன் உடற்சூட்டைத் தானாகக் காக்கவோ, தானாக மூத்திரம் பெய்யவோ அதற்குத் தெரியாது. தாய் பின்பகுதியை நக்கிவிட்டால்தான் மூத்திரம் வரும். தாய் அதைக் குடித்தும்விடும். பாலாகப் போன தண்ணீரில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கிறது. தாயில்லாக் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அங்கே தடவிவிடாவிட்டால், வயிறு நிறையப் பால் இருந்தும் குட்டி செத்துப்போகும்.

மூடியைத் திறக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முதல் சில நாள் தோல் கண்ணாடி மாதிரி. குடித்த பால் வயிற்றின் இடப்பக்கம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். திட்டு இருந்து, குட்டிகள் ஒரே குவியலாகக் கிடந்தால் கவலையில்லை. திட்டில்லாமல் சிதறிக் கிடந்தால், முதலில் தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் தாயைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

அடுத்தது சத்தம். கூட்டைவிட்டு விலகிய குட்டி சுமார் 40 கிலோஹெர்ட்ஸில் கத்தும். நமக்கு 20க்கு மேல் கேட்காது. தாய்க்குக் கேட்டு, கவ்விக்கொண்டு வந்து சேர்க்கும். ஒழுகும் குழாயும் சில மின்கருவிகளும் அதே உயரத்தில் இரைவதால், நமக்கு அமைதியான அறை அவற்றுக்குச் சந்தைக்கடை. மிரண்ட தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். சில சமயம் தின்றும்விடும்.

தாய்க்குக் காம்பு 12. அதற்கு மேல் குட்டி இருந்தால், ஓரிரு நாள் இடைவெளியில் ஈன்ற வேறொரு தாயிடம் சேர்க்கலாம். அந்தத் தாயை வெளியே எடுத்து, வந்த குட்டிகளை அதன் கூட்டுத்தாளிலேயே புரட்டி, அதன் குட்டிகளோடு கலந்து, வாசனை ஒட்டியபின் தாயை விடுங்கள். கையுறையையும் அதே தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் கண் திறக்கும். 21ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கலாம். பிரிக்கும் முன், புட்டிக் குழாய் இருப்பதிலேயே சின்னக் குட்டிக்கும் எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.