பங்கு வேறு, சம்பளம் வேறு

அப்பாவின் ஹார்டுவேர் கடையை அக்காவும் நானும் முறைப்படி எடுத்துக்கொண்டோம். தம்பிக்கு வெளியில் வேலை. ஆனாலும் மூவருக்கும் சமபங்கு என்பது அப்பாவின் முடிவு. பத்திரமும் வங்கிக் கையெழுத்தை மாற்றுவதும் சீக்கிரம் முடிந்துவிட்டன. இழுத்தடித்தது அதற்கு முந்தைய கணக்குதான்.

கடை எவ்வளவு பெறும் என்று தெரியாமல் பங்கு பேச முடியாது. கடையை மூடிவிட்டு, பெட்டி பெட்டியாகக் கொட்டி எண்ணினோம். மேல்தட்டில் துருவேறிய கீல்கள், இப்போது யாரும் கேட்காத அளவுத் திருகாணிகள். எல்லாவற்றுக்கும் அப்பா வாங்கின விலையைத்தான் சொன்னார். ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கின விலை, இன்று விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் சரக்கின் மதிப்பாம். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2-உம் அதையே சொல்கிறது. “அப்போ இந்தப் பெட்டிக்கு ஒண்ணுமே இல்லையா?” என்றார் அப்பா. பழைய இரும்பு விலை போட்டோம்.

கடன் நோட்டு அதைவிடச் சிக்கல். பெயரும் தொகையும் இருக்கும், தேதி இருக்காது. அப்பாவை உட்காரவைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் சொல்வதை எழுதினேன். “இவர் கட்டட வேலை முடிந்ததும் தானா வருவார், போன் பண்ணாதே.” “இவரை நேரில் போய்க் கேட்கணும்.” என்னைக் கேட்டால், அந்த நோட்டைவிட இந்தக் குறிப்புகளுக்குத்தான் மதிப்பு அதிகம். வராது என்று தெரிந்ததை வாராக்கடனில் தள்ளினோம்.

அப்புறம்தான் நிஜமான தகராறு. நாள் முழுக்கக் கல்லாவில் நிற்கும் அக்காவுக்கும், எப்போதாவது எட்டிப்பார்க்கும் தம்பிக்கும் ஒரே அளவா? அதுவரை தேவைப்பட்டபோது கல்லாவிலிருந்து எடுப்பதே பழக்கம் என்பதால், லாபம் எது, வீட்டுச் செலவு எது என்றே பிரிக்க முடியவில்லை. வேலைக்குச் சம்பளம், பங்குக்கு லாபம் என்று ஆக்கிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. அக்காவின் வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன கொடுப்போமோ, அது அவள் சம்பளம். எனக்கும் அப்படியே. அதெல்லாம் கடைச் செலவில் போய்விடும்; மிஞ்சுவதுதான் மூன்று பங்கு. தம்பி செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றான்.

பத்திரத்தில் நான் அடம்பிடித்துச் சேர்த்தது ஒன்று: விலகுகிறவர் பங்கை முதலில் மற்ற இருவருக்குத்தான் தரவேண்டும், பணம் தவணையில். மொத்தமாகக் கேட்டால் சரக்கை விற்றுத்தான் கொடுக்க முடியும், பிறகு கடையில் விற்க என்ன இருக்கும்? பங்கின் விலையை ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதே மூவரும் பேசி எழுதிவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த ஆண்டு போட்ட விலை தம்பிக்குக் குறைவாகப் படுகிறதாம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.