மொட்டை மாடிச் சுண்ணாம்பு, தளத்து விரிசல், போர் மோட்டார்: கோடை வேலைக் குறிப்புகள்

ஊரை ஒட்டிய தனி வீடு என்றால் நாலு பக்கமும் திறந்த வெளி. பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழாது. தளம் காலை முதல் மாலை வரை காய்கிறது, போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) தண்ணீர் இறங்குகிறது, சுற்றியுள்ள புல் சருகாகிறது. இந்த மூன்றுக்கும் பார்த்த வேலைகள், அளவுகளோடு, கீழே இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்தப் பொருளை வாங்கினோம் என்பதைவிட, அதை நாளின் எந்த நேரத்தில் பூசினோம், ஓட்டினோம், வெட்டினோம் என்பதில்தான் வேலை நிலைப்பதும் போவதும் இருக்கிறது.

முதல் வாரம்: அளவெடுப்பு

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் போதும். மதியம் 2 மணிக்குத் தளத்தின் மேல்பரப்பு, அதே நேரம் கீழே சீலிங், மேற்குச் சுவரின் உட்பக்கம். பிறகு மாலை 6, இரவு 10, விடிகாலை 5. மூன்று நாள் தொடர்ந்து எழுதினால் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

12 முதல் 15 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தில் மேலே ஏறிய சூடு கீழே வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வெயில் சாய்ந்த பிறகு அறை அதிகமாகப் புழுங்குகிறது. இரவு 10 மணிக்கும் சீலிங் அறைக்காற்றைவிடச் சூடாக இருந்தால் தளத்தைக் கவனிக்க வேண்டும். சீலிங் ஆறிவிட்டது, மேற்குச் சுவர்தான் கொதிக்கிறது என்றால் மாடியில் எத்தனை கோட் சுண்ணாம்பு அடித்தும் பெரிய பலன் இருக்காது. அந்தச் சுவருக்கு நிழல்தான் வேண்டும். இதைப் பார்க்காமலே பலர் மாடி ஏறிவிடுகிறார்கள்.

பளபளப்பான தகரக் கூரையில் இந்தக் கருவியை நம்பக் கூடாது. தகரம் வானத்தைப் பிரதிபலிப்பதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, கால் மணி நேரம் கழித்து டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

இரண்டாம் வாரம்: விரிசல்

வெள்ளை அடிக்கும் முன் விரிசலை முடிக்க வேண்டும். அடித்த பிறகு பிளந்தால் கோட்டும் சேர்ந்து கிழியும்.

கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் தளம், விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மி.மீ. அந்த அசைவு ஏதோ ஓர் இடத்தில் வெளிப்பட்டே தீரும். பெரும்பாலும் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில். அங்கே சிமென்ட் கலவை வைத்து அடைத்தால் ஒரே கோடையில் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு விழுகிறது. சிமென்ட் நெகிழாது.

நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் (விரிசல் அடைக்கும் பசை) தான் இதற்குச் சரி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சாதாரண வகை தன் அகலத்தில் கால் பங்குதான் தாங்கும். 2 மி.மீ. விரிசல் 1 மி.மீ. அசைந்தால் அது பாதி, பிய்ந்துவிடும். அதே விரிசலை 8 மி.மீ. அகலத்துக்கு வெட்டிவிட்டால் அந்த 1 மி.மீ. அசைவு எட்டில் ஒரு பங்கு. விரிசலைப் பெரிதாக்குவது மனசுக்கு ஒப்பாது, ஆனால் வேலை நிலைப்பது அப்போதுதான்.

செய்த முறை: கட்டிங் மெஷினில் 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழம் வெட்டி, தூசியைக் கம்பி பிரஷ்ஷாலும் ஊதியும் எடுத்தாயிற்று. அடியில் 10 மி.மீ. ஃபோம் கயிற்றை அழுத்திவிட்டு, அதன் மேல் 4, 5 மி.மீ. கனத்துக்கு சீலன்ட். கயிறு எதற்கு என்றால், சீலன்ட் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் நீள இடமில்லாமல் நடுவில் கிழிகிறது.

நேரம் காலை 7 முதல் 9. உச்சி வெயிலில் தளம் விரிந்து விரிசல் ஒடுங்கி இருக்கும். அப்போது நிரப்பினால் இரவில் விரிசல் அகலும்போது சீலன்ட் இழுபடும். விடிகாலையில் நிரப்பினால் மதியம் பிதுங்கும். இரண்டுக்கும் நடுவிலான சூட்டில் நிரப்புவதுதான் அதற்கு நல்லது.

தலைமுடி போன்ற மெல்லிய வலை விரிசல்களை வெட்ட வேண்டாம், சுண்ணாம்பே அடைத்துவிடும். துருக்கறையோடு இருக்கும் விரிசல் வேறு கதை. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதைப் பெயர்த்துச் சரிசெய்யாமல் மேலே பூசி மறைப்பது வீட்டுக்குச் செய்யும் கெடுதல்.

மூன்றாம் வாரம்: சுண்ணாம்பு

100 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 1,076 சதுர அடிக்கு, ஒரு கோட்டுக்குச் சுமார் 10 கிலோ சுட்ட, நீற்றாத சுண்ணாம்புக் கல். மூன்று கோட்டுக்கு 30 கிலோ. கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர்.

நீற்றும்போது இரும்பு டிரம்தான். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. கல் விழுந்ததும் சற்று நேரம் சும்மா கிடக்கும். பிறகு சீறும், பிளக்கும், திடீரென்று மொத்தமும் கொதிக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் “இது வேலை செய்யவில்லை” என்று குனிந்து பார்க்கத் தோன்றும். குனியக் கூடாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சுண்ணாம்பு கண்ணைச் சுடும் வேகத்துக்குத் தாமதம் ஆகாது.

குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் மூன்று நாள் ஊறட்டும். நீறாத குறுமணி கோட்டுக்குள் போனால் பின்னால் அங்கே நீறி, சின்னப் பொக்குளமாகத் தெறித்து விழும். அதனால் பருத்தித் துணியில் வடிகட்டுவது முக்கியம். வடித்த சுண்ணாம்புப் பாலில் குச்சியை விட்டு எடுத்தால் வெண்படலம் ஒட்ட வேண்டும், கட்டியாக நிற்கக் கூடாது.

பிடிப்புக்குச் சுவரில் கோந்து போடுவது வழக்கம். மழை விழும் தளத்தில் அது கரைந்துவிடும். மரச்சாமான் ஒட்டும் பசையும் நனைந்தால் இளகும். நீர்த்தடுப்புக்கான அக்ரிலிக் திரவம் 20 லிட்டர் பாலுக்கு 1 லிட்டர் கலந்தால் நிற்கிறது. சுவருக்கு அடிக்கும்போது பூச்சு இறுக உப்புச் சேர்ப்பார்கள். தளத்தில் உப்பு வேண்டவே வேண்டாம். அது விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

இப்போது அதிகம் கெடும் இடம். காலை 11 மணிக்குக் கொதிக்கும் தளத்தில் அடிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் காய்ந்து பளிச்சென்று வெளுக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. பத்து நாளில் காலில் மாவாக ஒட்டுகிறது. காரணம் எளிது: சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் தேவை. ஈரம் போய்விட்டால் அந்த வேலை பாதியில் நின்று, பொடிதான் மிஞ்சும்.

ஆகவே மாலை 5 மணிக்கு மேல். வெறுங்காலைப் பத்து விநாடி வைக்க முடிந்தால் தளம் தயார். கூட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் தெளித்து, தேங்கல் இல்லாமல் ஈரமாக வைத்துக்கொண்டு முதல் கோட். ஈரச் சுண்ணாம்பு கண்ணாடி போல இருக்கும், கீழே உள்ள சாம்பல் நிறம் அப்படியே தெரியும். ஒன்றுமே படியவில்லை என்று நினைத்துக் கெட்டியாக இழுக்கக் கை போகும், அடக்க வேண்டும். கெட்டிக் கோட் தோலாக உரியும். மறுநாள் காலையில் பார்த்தால் வெளுத்திருக்கும். அப்போது வெயில் ஏறும் முன் லேசாகத் தண்ணீர் தெளிப்பு, அன்று மாலை குறுக்குவாட்டில் இரண்டாவது கோட், அடுத்த மாலை மூன்றாவது.

மூன்று நாள் கழித்து உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்கலாம். லேசான தூசி பரவாயில்லை. கை முழுக்க வெள்ளையானால் இன்னும் இரண்டு நாள் காலையும் மாலையும் தெளித்தால் ஓரளவு இறுகும்.

காய்ந்து கறுத்த பழைய தளம் உச்சிக் கோடையில் 55, 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். நல்ல வெள்ளைப் பூச்சில் மேல்பரப்பு 15 டிகிரி வரை குறையும். சீலிங்கில் குறைவது சில டிகிரிதான், ஆனாலும் தலைக்கு மேலிருந்து அடிக்கும் அனல் குறைவது உடம்புக்கு நன்றாகத் தெரியும். தூசி படிந்தால் பலன் இறங்கும், மாதம் ஒருமுறை கூட்டிவிட வேண்டும்.

துத்தநாகம் பூசிய தகரத்திலும் அலுமினியத் தகட்டிலும் சுண்ணாம்பு கூடாது. ஈரச் சுண்ணாம்பு அவற்றை அரிக்கும். அங்கே வெள்ளை அக்ரிலிக் பூச்சுதான். மாடியேறியதோடு தகர ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர்களையும் பார்த்துவிடலாம். வெயிலில் வெடித்திருந்தால் மழையில் ஒழுகும்.

பிவிசி பைப்

இதில் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் கிடக்கும் பிவிசி பைப் மேல்தோல் வெளுத்து, பிறகு தட்டினால் உடையும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும். தின்னர் சேரும் பெயின்ட் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. நீண்ட நேர் ஓட்டத்தில் கிளாம்ப்பை இறுக்கிப் பிடிக்காமல் பைப் நழுவும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் இருக்கும் எல்போ வாய் விடும்.

நான்காம் வாரம்: மோட்டார்

போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் ஆறுகிறது. நீர்மட்டம் இறங்கிக் காற்றை இழுத்தால் முதலில் பேரிங், பிறகு காயில் (செம்புக் கம்பிச் சுருள்) போகும்.

வாரம் ஒருமுறை 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி என்று எழுதி வைத்தால் போதும். 20 விநாடி என்றால் மணிக்கு 3,600 லிட்டர். ஓட ஓட அந்த விநாடி கூடிக்கொண்டே போனால், அல்லது தண்ணீர் துப்பித் துப்பி வந்தால், ஊற்று மோட்டாருக்கு ஈடுகொடுக்கவில்லை. அதே தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அடியில் மணல் படிந்தால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் (டிரை ரன்) தடுக்கும் ரிலே வைக்கும்போது, நிறையத் தண்ணீர் வரும் சமயத்து ஆம்பியரைக் குறித்து, அதில் 80 சதவீதத்துக்கு அமைக்கலாம். 7 ஆம்பியர் என்றால் 5.6. காற்றை இழுக்கும்போது பளு குறைந்து ஆம்பியர் இறங்கும், ரிலே நிறுத்தும். மறுபடி தானாக ஓடும் இடைவெளியை அரை மணிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் வைத்தால் ஊற்று சேரும் முன் மோட்டார் திரும்பத் திரும்பக் கிளம்பி கெப்பாசிட்டரைக் கெடுக்கும்.

மாலையில் எல்லா வீட்டிலும் ஃபேனும் ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் சாயும். 230 வோல்ட் மோட்டாரை 207க்குக் கீழே ஓட்டுவது காயிலைச் சுடும். விடிகாலை 4 மணிக்கு டைமர் வைத்தால் வோல்டேஜும் இருக்கும், இரவு முழுக்க ஊறிய தண்ணீரும் இருக்கும். பைப் சேர்த்து மோட்டாரை இறக்குகிறவர்கள் அடிமட்டத்திலிருந்து 3 மீட்டராவது விட வேண்டும். அதற்குக் கீழே வண்டல்.

காய்ந்த புல்

சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. விறகு, சருகு, பழைய அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்துத்தான். அதற்கு அப்பால் 10 மீட்டர் வரை புல் 10 செ.மீ. உயரத்தைத் தாண்டாமல். வெட்டுவது காலை 9 மணிக்குள், பனி ஈரம் இருக்கும்போதே. மதியம் இரும்பு பிளேடு கல்லில் பட்டுப் பறக்கும் ஒரு பொறி போதும் காய்ந்த புல்லுக்கு. கல் நிறைந்த இடத்தில் நைலான் நூல்தான் பாதுகாப்பு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

கையை விடும் முன் நீளக் கம்பால் தட்ட வேண்டும். பாம்பு நிழல் தேடும் காலம் இது. செங்கல் அடுக்கும் விறகும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால் அடியில் பார்க்கவும் கூட்டவும் முடியும், கரையானும் மண் குழாய் கட்டி ஏறினால் கண்ணில் படும். வெட்டிய புல்லைக் கொளுத்தாமல் குழியில் போட்டு மண் தூவினால் உரமாகிவிடும்.

மீதமிருப்பது மழைக்கு முந்தைய வேலை. மாடியிலிருந்து மழைநீர்த் தொட்டிக்குப் போகும் பைப்பைச் சுண்ணாம்பு அடிக்கும் முன்பே கழற்றியாயிற்று. முதல் இரண்டு மழை வெளியே ஓடி, வடிகால் வாயில் வரும் தண்ணீர் வெண்மை இல்லாமல் தெளிந்த பிறகுதான் அதைத் திரும்ப மாட்ட வேண்டும்.