தம்பி வர மறுத்தான், நான் போனேன்

மனநல ஆலோசனைக்கு நோயுற்றவர்தான் போக வேண்டும் என்றில்லை. அவர் வர மறுத்தால் வீட்டில் இருக்கும் ஒருவர் போகலாம். எங்கள் வீட்டில் சிகிச்சை தொடங்கியதே அப்படித்தான். இது முன்பே தெரிந்திருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும். வேறு எந்தக் குடும்பத்துக்காவது அந்த மாதங்கள் மிஞ்சட்டும் என்றே எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. தம்பி பற்றவைப்பதில் கெட்டிக்காரன். இடுக்கியில் பிடித்த கண்ணியின் மேல் தீயைச் சீராக ஊதுவான். ஒட்டு விழுந்த இடம் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பையன் மெல்ல மெல்லப் பட்டறைக்கு வருவதை நிறுத்தினான். இரவெல்லாம் மொட்டை மாடியில் நடந்தான். பக்கத்துப் பட்டறையில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். தெருவில் எல்லாப் பட்டறைகளும் அடைத்த பிறகும் அந்தப் பேச்சு அவனுக்குக் கேட்டது.

உறவினர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினால் தெளிந்துவிடும் என்றார் அத்தை. மாத்திரை வாங்கிக் காபியில் கலந்து கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எங்கோ ஓரிடத்தில் கட்டிவைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று இன்னொருவர் சொன்னபோது எனக்கு உடம்பே பதறியது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்பிக்க வழியின்றி மாண்டதை இந்த மாநிலத்தில் யார் மறக்க முடியும்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் சிறிய ஆலோசனை மையம் நடப்பதாக உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். முடிந்த கட்டணத்தைக் கொடுத்தால் போதும் என்பதையும் அவர்தான் சொன்னார். தம்பியை அழைத்தேன், கதவைச் சாத்திக்கொண்டான். வாங்கிய நேரத்தை வீணாக்க மனமில்லாமல் நானே போனேன்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. "தம்பி வரவில்லையே மேடம்" என்று தயங்கினேன். "நீங்கள் வந்திருக்கிறீர்களே, உட்காருங்கள்" என்றார். இங்கே பேசுவது உங்கள் அப்பாவுக்குக்கூடப் போகாது, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் அதற்கு விலக்கு என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார். அதன்பின் தம்பியின் தூக்கம், சாப்பாடு, குளியல், அவனுக்குக் கேட்கும் குரல்கள் கட்டளை இடுகின்றனவா என்றெல்லாம் விசாரித்தார். சாவதைப் பற்றிப் பேசுகிறானா என்று நேராகவே கேட்டார். நான் திகைத்ததைப் பார்த்து, அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, வீட்டிலும் தயங்காமல் கேளுங்கள் என்றார். கடைசியில், "நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வெகுநேரம் அழுதேன்.

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. அதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மருந்து எழுதுவதும் அவர்தான் என்றார். காபியில் கலக்கும் யோசனையை உறுதியாக மறுத்தார். ஏற்கெனவே சந்தேகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு அது ஒருநாள் தெரிய வந்தால் வீட்டுச் சோற்றையே நம்ப மாட்டான் என்றார். எவ்வளவு உண்மை! குரல் பொய் என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். அவனுக்கே எது தொல்லையாக இருக்கிறதோ அதைப் பிடியுங்கள் என்று வழி காட்டினார். தம்பியைப் பெரிதும் வாட்டியது தூக்கமின்மை.

அடுத்த சில வாரங்கள் நான் மட்டும்தான் போய்வந்தேன். அந்த நாட்களில் கற்றதுதான் எங்கள் வீட்டையே மாற்றியது. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களில் பலருக்கு நோய் மீண்டும் முற்றியது. தனியே வாடகை அறையில் தங்கியவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பது ஆகிய மூன்றும் நோயைத் திரும்ப இழுத்து வருகின்றன என்பது பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. அத்தகைய வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் கண்டார்கள். ஆலோசகர் இதைச் சொன்ன கையோடு, "நோய் உங்கள் வீட்டால் வரவில்லை. அது குறைவதற்கு உங்கள் வீடு உதவலாம், அவ்வளவுதான்" என்றார். என் அம்மாவை உட்காரவைத்து அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன்.

அப்பா "தண்டச்சோறு" என்று அடிக்கடி சொல்வார். அம்மா இருபத்தாறு வயது மகனுக்குச் சோறு ஊட்டுவார். இரண்டுமே பாசத்தில் விளைந்தவைதான். அப்பாவை மாற்ற ஆலோசகர் எளிய பயிற்சி ஒன்று கொடுத்தார்: குறை சொல்வதற்குப் பதில், செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் கேட்பது. "இந்நேரம் வரைக்கும் என்ன தூக்கம்?" என்பதை விட்டு, "பத்து மணிக்குப் பட்டறைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறாயா?" என்பது. அப்பா முதலில் கோபப்பட்டார். ஆனால் ஒருநாள் அப்படியே கேட்டார். தம்பி குடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வாரமே அவனிடம் பேசினேன். "உனக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கத்துக்கும், உனக்குக் கேட்கும் பேச்சுக்கும் மனநல மருத்துவர் பார்ப்பார். நானும் கூட வருகிறேன்" என்று ஒளிக்காமல் சொன்னேன். "ஊசி போட்டுப் படுக்க வைத்துவிடுவார்களா அக்கா?" என்றான். அவன் பயம் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சீட்டுப் போட்டு, வரிசையில் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தோம். மாத்திரைக்குப் பணம் வாங்கவில்லை. தூக்கம் சீக்கிரம் வந்துவிடும், குரல்கள் அடங்கப் பல வாரங்கள் ஆகலாம், தெளிந்ததுபோல் தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். அப்படியே நடந்தது. வாய் உலர்ந்தது, எடை கூடியது. அவற்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொண்டோம். அத்தையின் மனம் கோணாமல் குணசீலத்துக்கும் போய்வந்தோம். கோயிலுக்குப் போவதை ஆலோசகர் ஒருபோதும் தடுக்கவில்லை. மாத்திரைப் பெட்டியும் கூடப் போக வேண்டும் என்பது மட்டுமே அவர் வைத்த நிபந்தனை.

இப்போது தம்பி தானாகவே ஆலோசனைக்கு வருகிறான். மையத்தில் குடும்பத்தார் கூடிப் பேசும் கூட்டமும் நடக்கிறது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வருவார். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். மகளுக்கு நள்ளிரவில் பதற்றம் கூடினால் மலையிலிருந்து எங்கே ஓடுவார்? டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416ஐ அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுத்தார்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுகிறார்கள். ஆலோசனை மையங்களெல்லாம் சமவெளியில் இருக்க, மலையில் இருப்பவர் மட்டும் கூலியை விட்டு இறங்கி வர வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

பட்டறையில் தம்பி பாதி நாள் மணி கோக்கிறான். மருந்தால் கண் சொருகும் நாட்களில் தீயின் பக்கம் போக வேண்டாம் என்று அவனே முடிவெடுத்தான். இதற்குள் அத்தை பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். கல்யாணம் மருந்தல்ல. நோயை மறைத்து ஒரு பெண்ணை இந்த வீட்டுக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை என்னோடு பேசுவதில்லை. தம்பியிடம் கேட்டதற்கு, "முதலில் பற்றவைக்கிற வேலைக்குத் திரும்புகிறேன். அப்புறம் பார்க்கலாம். பார்க்கிற பெண்ணிடம் நானே சொல்லிவிடுவேன்" என்றான். அடுத்த கூட்டத்துக்கு அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.